நாற்பத்தொரு நாள் தரையிறங்காத பறவை

எங்கள் நாட்டில் ஒரு பறவையைப் பார்த்ததாகப் பதிவு செய்ய வேண்டுமானால், அந்தப் பறவையும் உங்களைப் பார்த்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வாக்குமூலங்களும் பொருந்தினால்தான் தேசியக் குழு அதைப் பட்டியலில் சேர்க்கும். நான் அந்தக் குழுவில் பன்னிரண்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். மெஹருன்னிசா மேடம் தலைவர். மொழிபெயர்ப்புக்கு ஒரு மைனா இருந்தது. அதற்கு நான்கு பறவை மொழிகளும் தமிழும் நன்றாக வரும், இந்தி சுமார்.

தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் மோட்டார் போட்டு நீர் இறைக்கும் ஜெபகனியின் விண்ணப்பம் மூன்றாவது முறையாக வந்திருந்தது. நீண்ட சிவந்த கால்களும் மேல்நோக்கி வளைந்த அலகும் கொண்ட பறவை. அதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அதற்குப் பெயரும் இல்லை. பட்டியலில் இல்லாத பறவை இங்கே தரையில் கால் வைக்கக் கூடாது. அது விதியை மதித்து, உப்புப் பாத்திகளுக்கு ஒரு முழம் மேலே, கால்களை மடக்கிக்கொண்டு நாற்பத்தொரு நாளாகப் பறந்துகொண்டிருந்தது.

முதல் முறை, தான் பச்சைச் சேலை கட்டியிருந்ததாக ஜெபகனி எழுதியிருந்தார். பறவை, எல்லாமே வெள்ளையாக இருந்தது என்றது. இரண்டாம் முறை, தான் பார்த்த பெண் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றிருந்ததாகச் சொன்னது. இரண்டையும் தள்ளுபடி செய்தோம். இந்த முறையும் பொருந்தாவிட்டால் பறவை அன்று மாலைக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். கடலைத் தாண்டும் தெம்பு அதன் சிறகில் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

விசாரணைக்காகப் பாத்திகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது ஜெபகனி ஒரு கிண்ணத்தில் குட்டி மீன்களைப் போட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பறவை பறந்தபடியே சாப்பிட்டது. கிண்ணம் தரைக் கணக்கில் சேருமா என்று மேடம் கேட்டார்.

“என் கையிலதானம்மா இருக்கு” என்றார் ஜெபகனி. அது சரிதான் என்று குறித்துக்கொண்டோம்.

பிறகு அவரை உப்புக் குவியலுக்குப் பின்னால், காது கேட்காத தூரத்தில் உட்காரவைத்தோம். மேடம் இம்முறை நிறமும் உயரமும் கேட்கவில்லை. பார்த்தபோது அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்டார். பறவை மெதுவாகச் சொன்னது, மைனா தமிழில் சொன்னது. மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாள், தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது, அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஜெபகனியை அழைத்து அதே கேள்வியைக் கேட்டோம். அவர் திரும்பிப் பார்த்தார். உப்பளத்துக் கங்காணி ரத்தினபாண்டி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஜெபகனி அண்ணாந்து பறவையைப் பார்த்தார். அது கொஞ்சம் தாழ்ந்து, பதறி, மறுபடி மேலே ஏறியது.

“மோட்டார நிறுத்தலம்மா” என்றார். “இதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். விளைஞ்ச உப்பு ஒரு பாத்தி பூரா கரைஞ்சுபோச்சு. மழை பெஞ்சுச்சுன்னு அண்ணாச்சிகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

எல்லோரும் கங்காணியைப் பார்த்தோம். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு நானும் கொஞ்சம் நனைஞ்ச மாதிரிதான் ஞாபகம்” என்றார்.

மேடம் கையெழுத்துப் போட்டார். மைனா செய்தியைச் சொன்னது. பறவை ஒரு காலை நீட்டிப் பார்த்தது. பிறகு மற்றதை. பாத்தித் தண்ணீரில் இறங்கி நின்று, உடம்பு முழுவதையும் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. ஜெபகனி கிண்ணத்தை அதன் பக்கத்தில் வரப்பின்மேல் வைத்துவிட்டு, வலித்த தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கங்காணி எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். மைனா தனக்கு வழுக்கை மட்டும் போதும் என்றது.

நாங்கள் அலுவலகம் திரும்பியபோது அடுத்த விண்ணப்பம் மேசைமேல் இருந்தது. ராமநாதபுரம் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கண்மாய் ஒன்று, ஒரு நாரையைப் பார்த்ததாக எழுதியிருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறதாம். நானும் மேடமும் கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றிவைத்தோம்.