இரண்டு புளியங்கொட்டை

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கும்போது கோதண்டம் வலப்பக்கம் ஓர் ஆள் வர இடம் விட்டுத்தான் நடப்பான். கொஞ்ச தூரம் போய் நிற்பான். திரும்பிப் பார்க்கமாட்டான். பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்கட்டும் என்பதுபோல் நின்றுவிட்டு மறுபடி நடப்பான். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, மாசி மாதம் அங்கிருந்து பெண்சாதி அன்னம்மாளோடு கால்நடையாகப் புறப்பட்டவன் அவன். ஊர் வந்து சேர்ந்தது அவன் மட்டும். துணி துவைக்கும் பெண்கள் முதலில் "இன்னா மாமே, யாருக்கோசரம் நிக்கிறே?" என்று சிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும், அவன் வரும் வேளையில் துவைகல்லைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து அமீருதீன் வந்தான். அவனுடைய அண்ணன் பஷீருதீன் ரங்கூனில் பாத்திரக்கடை வைத்திருந்தவன். குண்டு விழுந்த நாளிலிருந்து தகவலே இல்லை.

"அண்ணாத்தே, எங்க ஊட்ல ஒரு பர்மாப் பொண்ணு வந்து கீது. அண்ணனோட மவளாம். அங்க ஒருத்திய கட்டிகினு இருந்தாராம், அவ குண்டுல பூட்டாளாம். கூட்டியாந்தவங்க சொல்றாங்க. நீ வந்து அதுங்கிட்ட பேசிப் பாரு."

"எனக்கு அந்தப் பாஷை மறந்துபோச்சிப்பா."

"பத்து வருசம் பேசினது பத்து மாசத்துல மறந்துடுமா? போறதுக்கு வண்டி கட்டியாந்துகீறேன், ஏறு."

மறக்கவில்லை. ரங்கூனில் அவர்கள் இருந்த சந்தில் ஒருபக்கம் தெலுங்கர், ஒருபக்கம் கரேன்காரர், எதிரே சீனத் தையற்காரன், மூலையில் சிட்டகாங் படகோட்டிகள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு பர்மியப் பேச்சுதான். அரிசி ஆலையில் அவன் தட்டுத்தடுமாறிக் கற்பதற்குள், அன்னம்மாள் மீன்காரிகளோடு சண்டை போட்டே கற்றுவிட்டாள். வீட்டுக்குத் தமிழாட்கள் வந்தால் அது இருவருக்குமான ரகசியப் பேச்சு. இலை போட்டபின் கூடுதலாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால், அவள் சிரித்த முகத்தோடு அவனிடம் பர்மிய மொழியில் சொல்வாள்: "சோறு பத்தாது." அவன் பசியில்லை என்று எழுந்துவிடுவான். ஊர் திரும்பிய பிறகு அதில் ஒரு சொல்கூட அவன் பேசியதில்லை. பேசினால் எங்கிருந்தாவது அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். சொல்லாமல் போய்விடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

பூந்தமல்லி வீட்டில் இருந்த பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும். பெயர் நஜ்மா. கூடத்தில் முறத்தில் இருந்த புளியங்கொட்டைகளை அளைந்துகொண்டிருந்தது. அவர்களைக் கண்டதும் எழுந்து நின்று, பள்ளிவாசலில் ஓதுகிற பிள்ளைபோல ஆடிக்கொண்டே ஒப்பித்தது: "மெட்ராஸ், ஆவடி, பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி, ஜுபைதா ஊடு."

"இது ஒண்ணுதான் தமிழ்ல தெரியும்," என்றான் அமீருதீன். "சிட்டகாங் முகாம்ல இத்தயே சொல்லிகினு இருந்துச்சாம். நம்ம பக்கத்து வியாபாரிங்க கேட்டுட்டு இட்டாந்துட்டாங்க. அண்ணன் மவதான்னு தெரியலேன்னா அநாதை மடத்துல உட்டுடுவேன்."

உள் கதவின் திரைக்குப் பின்னாலிருந்து பஷீருதீனின் மனைவி ஜுபைதாவின் குரல் வந்தது.

"அண்ணே, அவ ஆத்தா யாரு, எப்ப கட்டினாருன்னுலாம் நீங்க கேக்கவேணாம். அவர் கீறாரா இல்லியா, அத்த மட்டும் கேளுங்க. கீறார்னா நான் சண்டை போடணும். இல்லேன்னா இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாளு பூ இல்லாம, வளையல் இல்லாம மூலையில குந்திகினு அழுவணும். ரெண்டும் இல்லாம நான் இன்னான்னு கீறது?"

கோதண்டம் தரையில் உட்கார்ந்தான். "தமீ," என்றான். மகளே என்று அர்த்தம். சொன்னதும் முதுகுப்பக்கம் யாரோ வந்து நின்றதுபோல் இருந்தது. அவன் திரும்பவில்லை. குழந்தை நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தது.

உன் அப்பா செத்துவிட்டாரா என்று அந்த மொழியில் கேட்க அவனால் முடியவில்லை. எந்தெந்த ஊர் வழியாக வந்தாய் என்று மட்டும் கேட்டான்.

அது முறத்திலிருந்து கொட்டைகளை அள்ளியது. "ரங்கூன்" என்று இரண்டு கொட்டை வைத்தது. ஒரு சாண் தள்ளி, "புரோம்". இரண்டு. ஐராவதி ஆற்றுக்கு விரலால் ஒரு கோடு இழுத்து, அக்கரையில் இரண்டு. பிறகு மலை. அங்கேயும் இரண்டு வைத்தது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதில் ஒன்றை எடுத்துப் பாயின் விளிம்பைத் தூக்கி அடியில் தள்ளியது. பாயை மேலே தடவிவிட்டது. அடுத்து தவுங்கப் துறை. ஒன்று. அக்யாப், ஒன்று. சிட்டகாங், ஒன்று.

கோதண்டத்துக்கு அந்த மலை தெரியும். மூங்கில் காடு, பேதி கண்டவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்த பாதை. அங்கே அவனும் ஒன்றை எடுத்து மூடியவன்தான். தமிழில் என்ன சொல்வது என்று அவன் தேடுவதற்குள் திரை விலகியது. ஜுபைதா வெளியே வந்து பாயருகே உட்கார்ந்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எந்த மாசம்ணே?"

"அந்த மலையில கூட்டம் போனது மாசியிலதாம்மா. நானும் அப்பத்தான்..."

அவள் விரல்கள் மடங்கின. மாசி, பங்குனி, சித்திரை என்று உதடு அசைந்தது. ஆனியில் நின்றது.

"சாவுலேர்ந்துதான் கணக்குன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லிக்கீறாரு. அப்ப எனக்குத் தெரியாமயே என் இத்தா முடிஞ்சிப்போச்சா? சந்தனக்கூட்டுக்கு மல்லி வச்சிகினு போனேனே. இந்த வளையல் அப்பப் போட்டதுண்ணே."

அமீருதீன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். குழந்தை தன் வேலையை விடவில்லை. கல்கத்தா, மெட்ராஸ், ஆவடி, ஏரி என்று வைத்துக்கொண்டே வந்து, ஜுபைதாவின் முழங்காலருகே கடைசிக் கொட்டையை வைத்து, "பூந்தமல்லி" என்றது. ஜுபைதா முறத்திலிருந்து இன்னொரு கொட்டையை எடுத்தாள். அதன் பக்கத்தில் வைக்கவும் இல்லை, திரும்பப் போடவும் இல்லை. மூடிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வேண்டாம் என்று கோதண்டம் நடந்தே திரும்பினான். ஏரிக்கரையில் வெயில் சாய்ந்திருந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், அந்த மொழியில் சொன்னான்:

"சோறு பத்தாது."

கரை அங்கே குறுகல். மழையில் அதன் விளிம்பு கரைந்திருந்தது. அவன் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி, ஈர மண்ணில் கால் புதைய நின்றான்.