மூன்றாம் வளைவின் மண்

மே மாதக் கடைசிச் சனிக்கிழமையிலிருந்து, ஓட்டர்ஃபோர்க் மண்தடத்தில் நாற்பத்தொன்றாம் எண் கார் வாரியிறைத்த மண் முழுவதும் நோரீன் போஸ்மா ஒருத்தியின் மேல் மட்டுமே விழுந்தது. அந்த வாரம் சோளம் கணுக்கால் உயரம் வந்திருந்தது, மழை வேண்டிய அளவு பெய்திருந்தது, அயோவாவின் எங்கள் பக்கத்தில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. அரை மைல் நீளமுள்ள அந்தக் கறுப்புக் களிமண் தடத்தில், தலையில் தகர இறக்கை வைத்த கார்கள் வளைவுகளில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும்போது, பின்சக்கரம் கிளப்பும் மண் கம்பிவேலியைத் தாண்டி கேலரிக்கு வருவது வழக்கம்தான். பீர் கோப்பையிலும் பன்றிக்கறி ரொட்டியிலும் மண் விழாத சனிக்கிழமையை யாரும் சனிக்கிழமையாக மதித்ததில்லை. ஆனால் நாற்பத்தொன்றின் மண் வேறு மாதிரி நடந்துகொண்டது. மூன்றாம் வளைவில் கிளம்பி, விளக்குக் கம்பங்களின் உயரத்துக்கு எழும்பி, அங்கே ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நோரீனின் மடியிலும் தோளிலும் தலையிலும் இறங்கியது. தொட்டுப் பார்த்தவர்கள் அது வெதுவெதுப்பாக இருந்ததாகச் சொன்னார்கள். அவளுக்கு இடப்புறம் ஒட்டி உட்கார்ந்திருந்த கணவன் கார்வினின் மேல் ஒரு துளி படவில்லை.

இதில் கார்வினின் வயிறு எரிந்ததற்குக் காரணம் உண்டு. தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலையில் இருந்த அவன், கல்யாணமான வருஷத்திலிருந்து முப்பத்தொரு கோடைகளாக ஒரு சனிக்கிழமை தவறாமல் அதே ஒன்பதாவது வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தவன். வெள்ளிக்கிழமையே போய்த் தன் கட்டம்போட்ட போர்வையைப் பலகையில் விரித்து ஒட்டுநாடாவால் இடம்பிடித்துவிட்டு வருவான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்தக் கார் எந்த வளைவில் வருகிறது என்று சொல்வான். நாற்பத்தொன்றை ஓட்டும் டென்னி ராஷ் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்து எல்லாச் சுற்றிலும் கடைசியாக வந்த காலத்திலிருந்தே, அவனுக்காகத் தொண்டை கட்டக் கத்தியவன் கார்வின் ஒருவன்தான். நோரீன் அந்தப் பக்கமே வந்ததில்லை. மே மாதத்து அந்தச் சனிக்கிழமை, அவனோடு எப்போதும் போகும் நண்பன் ஹோபிக்குத் தடத்து மண்ணை நனைக்கும் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை கிடைத்துவிட, பக்கத்து இடம் காலியாகிவிட்டது. காலையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த நோரீன், நான் வரேன் என்றாள். எதற்கு என்று கார்வின் கேட்கவில்லை. காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறப் பஞ்சு இரண்டைக் கொடுத்ததோடு சரி.

முதல் வாரம் காற்று என்றார்கள். இரண்டாவது வாரம் கார்வின் அவளோடு இடம் மாற்றிக்கொண்டான். மண் அவனைச் சுற்றிக்கொண்டு போய் அவளிடம் இறங்கியது. மூன்றாவது வாரம் அவளுடைய நீலச் சட்டையை வாங்கித் தான் போட்டுக்கொண்டான். அவனுக்குத் தோள்பட்டையில் தையல் பிரிந்ததுதான் மிச்சம். மண் விழும்போது அவள் முகத்தில் ஒரு மாதிரி மெல்லிய சிரிப்பு வந்ததை, பந்தயத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த கார்வின் கவனித்தான். அந்தச் சிரிப்பை அவன் கடைசியாக எப்போது பார்த்தான் என்று யோசித்து, யோசனை போன இடம் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான். ஹோபி தண்ணீர் லாரியிலிருந்து இறங்கி வந்து, "என்னடா, உன் ஆளு உன்ன விட்டுட்டு உன் பொண்டாட்டிய புடிச்சுக்கிட்டானே" என்று தோளில் தட்டினான். சுற்றி இருந்த நாலு வரிசையும் சிரித்தது.

ஜூலை முதல் வாரம் கார்வின் அவளைக் கூட்டிப் போகவில்லை. அன்று நாற்பத்தொன்று கிளப்பிய மண் கேலரியின் கூரையைத் தாண்டி, சரளைச் சாலையைத் தாண்டி, மூன்று மைல் சோளக்காட்டுக்கு மேலாகப் போய், கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த நோரீனின் மேல் விழுந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வைகளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. கார்வின் வீட்டுக்கு வந்தபோது அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "பதினாலாவது சுற்றுல உங்காளு ரெண்டாவது எடத்துக்கு வந்துட்டான்போல இருக்கே. மண்ணு ஜாஸ்தி விழுந்துச்சு" என்றாள். உண்மையும் அதுதான். கார்வின் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அதன்பிறகு அவன் மனசுக்குள் வேறொரு பூச்சி புகுந்தது. டென்னிக்கு முப்பத்திரண்டு வயது, ஆள் பார்க்க நன்றாக இருப்பான். அடுத்த சனிக்கிழமை பந்தயம் முடிந்ததும் கார்வின் கார்கள் நிறுத்துமிடத்துக்கே போய்விட்டான். டென்னி சக்கரத்தில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கார்வின், என் மனைவியை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"எந்த வரிசை, எந்தம்மா, எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றான் டென்னி. "நூறு மைல் வேகத்துல கேலரி எனக்கு ஒரு கோடாத்தான் தெரியும். என் சங்கடம் எனக்கு. உங்க வீட்டம்மா வந்ததுலேருந்து பின்சக்கரத்துக்குக் கீழ மண்ணே நிக்க மாட்டேங்குது. எல்லாம் அங்க கெளம்பிப் போயிடுது. போதாததுக்கு இவ வேற." இவள் என்றது கூலர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கார்லாவை. அவள் நிமிராமலே சொன்னாள்: "பதினோரு வருஷமா வரேன். கர்ப்பமா இருந்தப்பகூட வந்தேன். என் மேல ஒரு சிட்டிகை விழுந்ததில்ல. போன மாசம் வெக்கத்த விட்டு அந்தம்மா பக்கத்துல போய் ஒட்டி ஒக்காந்தேன். அப்பவும் இல்ல. நீங்க இவன கேக்க வந்துட்டீங்க. நான் யாரப் போய்க் கேக்கறது?" கார்வினும் கார்லாவும் ஒருவரையொருவர், ஒரே வியாதிக்காரர்கள் பார்த்துக்கொள்வதுபோல், பார்த்துக்கொண்டார்கள்.

நோரீன் மறுபடி கூட வர, ஆகஸ்டு கழிந்தது. கூட்டம் கூடியது; பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோரீனைப் பார்க்க வந்தார்கள், இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பழகிப்போய்ப் பந்தயத்தைப் பார்த்தார்கள். நோரீனுக்கு இப்போது கார்களின் எண்கள் தெரிந்திருந்தன. எந்த ஓட்டுநர் உள்தடத்தைப் பிடிப்பான், எவன் வேலியை உரசிக்கொண்டு போவான் என்று பக்கத்து வரிசைக்காரர்களோடு தர்க்கம் செய்தாள். கார்வின் அவளோடு தர்க்கம் செய்யவில்லை. செப்டம்பரில் கடைசிப் பந்தயத்தன்று ஹோபிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. லாரியை நான் ஓட்டுகிறேன் என்று கார்வின் சாவியை வாங்கினான். மற்ற வளைவுகளுக்கு அளவாகத் தண்ணீர் விட்டவன், மூன்றாம் வளைவின் வெளி ஓரத்தில் லாரியை மூன்று தடவை முன்னும் பின்னும் நடத்தினான். டென்னி எப்போதும் வேலியோரமாகத்தான் வருவான். மண் ஊறிக் கனத்துவிட்டால் வேலியைத் தாண்ட அதற்குத் தெம்பு இருக்காது என்பதுதான் அவன் எண்ணம். யாருக்கும் கெடுதல் வரவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. இதை அவன் பிறகு சொன்னபோது ஊர் நம்பியது.

பதினோராவது சுற்றில் முன்னால் போன கார்கள் அந்த ஈர மண்ணில் முழங்கை ஆழத்துக்குத் தடம் வெட்டியிருந்தன. நாற்பத்தொன்றின் வலது பின்சக்கரம் அந்தப் பள்ளத்தில் மாட்டியது. கார் எழும்பி மூன்று குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாக விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லா எஞ்சின்களும் நின்றன. அந்த அமைதியில் மூன்றாம் வளைவின் மண், ஈரமும் காய்ந்ததும் அடிமண்ணுமாக, ஒரு பெரிய கம்பளத்தை உதறி எடுப்பதுபோல் தரையிலிருந்து கிளம்பியது. வேலியைத் தாண்டியது. கேலரியில் யாரும் ஓடவில்லை. யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். அது நோரீனைச் சுற்றி மெதுவாக இறங்கி, அவளை மோவாய் வரைக்கும் மூடியது. பக்கத்தில் இருந்தவரின் சோளப்பொரிப் பொட்டலத்தில் தூசி விழவில்லை.

கார்வின் தடத்துக்கு நடுவே இருந்த திடலில் லாரியருகே நின்றிருந்தான். ஒரு பக்கம் கவிழ்ந்த கார், இன்னொரு பக்கம் புதைந்த மனைவி. காரிலிருந்து டென்னி தானே ஊர்ந்து வெளியே வந்து, ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்வரை அவன் கால் நகரவில்லை. பிறகு ஓடினான். ஐம்பத்தைந்து வயதில் கம்பிவேலியை ஏறிக் குதித்தான். ஒன்பதாவது வரிசையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினான். முப்பத்தொரு வருஷமாக அவன் ஆசைப்பட்ட மண், முழங்கை வரை.

"அந்தப் பையன் பொழைச்சானா?" என்று கேட்டாள் நோரீன்.

"நடந்துதான் போறான். தோள்பட்ட எலும்புன்னு நெனக்கறேன்."

"தண்ணிய நீதான விட்ட?"

"ஆமா."

"எதுக்கு?"

கார்வின் தோண்டுவதை நிறுத்தவில்லை. "ஒரே ஒரு கட்டி மண்ணு, நோரீன். இத்தன வருஷத்துல ஒண்ணே ஒண்ணு, எனக்குன்னு வந்து விழுந்திருக்கக் கூடாதா? நீ வந்த மொத நாளே..."

"முப்பத்தொரு வருஷம் சனிக்கிழம ராத்திரி நான் தனியா சாப்ட்டேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "மூணாவது வளைவு, மூணாவது வளைவுன்னு தூக்கத்துல பேசுவ. இந்த எடத்து மேல எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் இருந்துதுன்னு உனக்குத் தெரியுமா? அப்படி என்னதான் வச்சிருக்கா இந்தச் சக்களத்தின்னு, அவ மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னுதான் அன்னிக்கி வந்தேன்."

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"நீ கூப்பிட்டாத்தான?"

அவள் கைகள் வெளியே வந்ததும் அவளும் தோண்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கார்வின் ஆஸ்பத்திரிக்குப் போய் டென்னியிடம் எல்லாவற்றையும் சொன்னான். டென்னி கட்டுப்போட்ட தோளோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டு, "வேலியோரமா வந்தது என் புத்தி சார்" என்றான். கார்லா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "எம் புருஷன் செத்திருந்தா, அந்த மண்ணு மொத்தத்தையும் உங்க தலைலதான் கொட்டியிருப்பேன்" என்றாள். கார்வின் தலையாட்டிக்கொண்டான். தடத்துக்காரர்கள் கூடிப் பேசி, அடுத்த கோடை முழுவதும் அவன் உள்ளே வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று ஊரில் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அவன் விஷயத்தில் அது பொருந்தாதே என்று யோசிக்கவும் செய்தார்கள்.

அந்தக் கோடையில் நோரீன் தனியாகப் போனாள். டென்னி திரும்பி வந்து ஓட்டினான், மண்ணும் திரும்பி வந்தது. சனிக்கிழமைகளில் கார்வின் வீட்டில் உட்கார்ந்து, மூன்று மைல் தள்ளிக் கேட்கும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி மீனும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்ததைத் தனியாகச் சாப்பிட்டான். அவள் பத்தரை மணிக்கு வந்து இறங்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக் கொல்லையில் காத்திருப்பான். அவள் குனிந்து நிற்க, தலைமுடியிலிருந்து மண்ணை விரலால் கோதிக் கழுவிவிட்டுக்கொண்டே, யார் ஜெயித்தது, யார் எந்த வளைவில் முந்தினான் என்று கேட்பான். அவள் அவசரப்படாமல் சொல்லுவாள். பொறாமை போய்விட்டதா என்று ஹோபி ஒருமுறை கேட்டதற்கு, "எங்க போவுது? வேலைக்குப் போறப்பவும் கூடவேதான் வருது" என்றான்.

அதற்கடுத்த கோடையில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகப் போய் இடம்பிடித்துவிட்டு வந்தார்கள். முதல் சனிக்கிழமை அவர்களுக்குப் பின்வரிசையில் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொன்று மூன்றாம் வளைவுக்குள் நுழைந்து மண் எழும்பியதும், அந்தப் பெண்மணி பதறிப்போய்க் குழந்தையைத் துண்டால் மூடினாள்.

"நீங்க பயப்படாதீங்கம்மா" என்றான் கார்வின், திரும்பாமல். "அது இவளுக்கு." சொல்லிக்கொண்டே நோரீனின் பீர் கோப்பையைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டான்.