துண்டெல்லாம் எங்கே விழுந்தது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் மிஷின் நின்றுவிடும். உடைந்த துண்டுகளைத் தேடியெடுத்து, தாளில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் ஹரிணி புது ஊசி கொடுப்பாள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த ஷூ வெளியே போகாது. இயற்பியல் படித்துவிட்டு அவள் பார்க்கும் வேலை இது. அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்திருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பார்த்திபன் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டான். அவன் வேலை பார்க்கும் கிடங்குக்கு அந்தப் பக்கம் வேறொரு நாட்டின் ராணுவத் தளம் இருந்தது. அதைக் காக்க அந்த நாடே ஏவுகணைத் தடுப்பை நிறுத்தியிருந்தது. முந்தின நாள் அந்தத் தளத்தைக் குறிவைத்து ஏவுகணைகள் வந்தன. இன்று சாயங்காலத்துக்குள் அவன் இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

“அம்மா வந்துடுன்னு அழுவுது. நீ படிச்சவ, எடுத்துச் சொல்லு பாப்பா. எல்லாத்தையும் வானத்துலயே அடிச்சிட்டான்.”

“ம்.”

“இன்னா ம்? போன்ல தலையாட்டினா எனக்குத் தெரியுமா?”

ஹரிணி தயங்கினாள். “அடிச்சது சரிண்ணா. துண்டெல்லாம் எங்க விழுந்துச்சு?”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“பக்கத்து லேபர் கேம்ப்ல. தூங்கற ரூம் மேல. என்கூட ஒரே பிளைட்ல வந்தானே வாணியம்பாடி ஃபைஸான், அவன் ரூம். போய்ட்டான். அம்மாகிட்ட சொல்லிடாத.”

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

“டிவில சேதமில்லன்னாங்களே.”

“தளத்துக்குச் சேதமில்ல. அதத்தான் சொல்றான். அந்தத் தடுப்பும் இல்லன்னா நானும் போயிருப்பேன்.”

“தளம் இல்லன்னா ஏவுகணையே வந்திருக்காது. அவங்க சண்டைக்கு அடுத்தவன் ஊர்ல குடை புடிக்கிறாங்க. அது உனக்காகப் புடிச்ச குடை இல்லண்ணா. கையெழுத்துப் போடாத.”

அண்ணனிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

“சரி, வர்றேன்” என்றான் அவன். “ஆனா நான் போடலன்னா என் எடத்துக்கு ஆள் ரெடி. ஆலங்காயத்துக்காரரு, முத்துக்குமாருன்னு பேரு. விசா வந்துடுச்சாம். அவருக்கு யாரு சொல்றது?”

“நம்பர் குடுண்ணா.”

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“சொல்லுங்க, யாரு?” என்றது சந்தோஷமான ஒரு குரல்.