முன்சில்லுக்கு இரண்டு டயர்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. தங்கராசாவின் வாயிலிருந்து பறித்தது.

களுவாஞ்சிக்குடிக் கந்தோரில் என் மேசைக்கு எதிர்மேசை தங்கராசாவுடையது. ஒருநாள் பத்து மணித் தேநீருக்கு, பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு காரோட்டத்தைப் பற்றிச் சொன்னான். ஐந்து நிமிடக் கதைதான். கந்தோரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தட்டச்சு செய்யும் ஞானமலர், நான் எழுதிய பதினொரு கதைகளையும் வாசித்துவிட்டு "நல்லாரிக்கி" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாதவள், சிரித்த சிரிப்பில் தேநீரைக் கோப்புகளின் மேல் கொட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் ஒளிக்க வேண்டும்? லீவுக் கடிதத்தையே ஒழுங்காக எழுதத் தெரியாதவன் தங்கராசா. அதே கதையை அவனைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுவதென்று அன்றைக்கே கடதாசியை எடுத்தேன். ஆக, இது பொறாமையில் பிறந்த பிள்ளை. முகச்சாயல் எங்காவது தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியின் மேல் சூரியன் மெல்ல —" வேண்டாம். வாவியைக் கண்டதும் எல்லோருக்கும் ஒரு சூரியன் வந்துவிடுகிறது.

இரண்டாவது: "பேர்னாட் நல்ல மனிதன், ஆனால்" — இதுவும் வேண்டாம். 'ஆனால்' நுழைந்த வீட்டில் நல்ல மனிதன் தங்கமாட்டான்.

மூன்றாவது: "1963ஆம் ஆண்டு பேர்னாட்டின் கட்டிலுக்குக் கீழே நான்கு டயர்கள் படுத்திருந்தன." இதை வைத்துக்கொள்கிறேன்.

பேர்னாட் மட்டக்களப்பு நகரத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவன். ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருந்தான். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் வைத்திருந்த நாலைந்து ஊர்க்காரர்கள் யுத்தகாலத்து விமான ஓடுபாதை ஒன்றில் கூடி, ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்ப்பார்கள். அதே கார்தான். திங்கட்கிழமை கந்தோருக்கும் அதுவே போகும்.

(தேற்றாத்தீவுக்கு அப்பால் அப்படியொரு ஓடுபாதை இருந்ததாகத் தங்கராசா சொன்னான். விசாரித்துப் பார்த்தேன், இல்லை. ஆகவே நானே ஒன்று போட்டேன். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் வாவி, கடைசியில் வாவிக்கரையோடு திரும்பும் ஒரு கூரிய வளைவு. ஒப்பந்தம், கொந்தராத்து இல்லாமல் ஒரு பின்னேரத்தில் முடித்த வேலை.)

அந்த ஒரு நாளுக்காகத்தான் கட்டிலடி டயர்கள். புது டயர்தான் நல்ல டயர் என்பது ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர்களின் எண்ணம். புதியதில் வெட்டு ஆழமாக இருக்கும். வேகமாக வளைக்கும்போது வெட்டுகளுக்கு இடையில் நிற்கும் றப்பர்க் கட்டைகள் நெளிந்து கார் தள்ளாடும். மொட்டை டயரும் ஆகாது. காய்ந்த தரைக்குப் பாதி தேய்ந்ததுதான் சரி. டயர் வாங்க நாயாய் அலையவேண்டிய அந்தக் காலத்தில், பேர்னாட் பாதி தேய்ந்த நான்கைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, வருடம் முழுக்க மொட்டை டயரில் கோயிலுக்குப் போய்வந்தான். டயரின் தோளில் வெண்கட்டிச் சோக்கால் கோடு கீறி, ஓடி முடிந்ததும் எவ்வளவு அழிந்திருக்கிறதென்று குனிந்து பார்த்து, காற்றைக் கூட்டிக் குறைப்பான். பாரம் குறையவேண்டுமென்று பக்கத்து ஆசனத்தையும் கழற்றிவிடுவான்.

"படுக்கக்குள்ளயும் டயர் மணம், எழும்பக்குள்ளயும் டயர் மணம்" என்பாள் அவன் மனைவி றீற்றா.

3.

இவ்வளவும் செய்த பேர்னாட் அதற்கு முந்தின வருடம் தோற்றான்.

தோற்கடித்தவன் நல்லரத்தினம். களுவாஞ்சிக்குடியான், பேர்னாட்டோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனிடமும் மொறிஸ் மைனர்தான். விதைநெல் மூட்டை ஏற்றி வயல்வட்டைக்குப் போன காரை அப்படியே, சில்லில் வயற்சேறு காயாமல், ஓடுபாதைக்குக் கொண்டுவந்தான். சோக்குமில்லை, கணக்குமில்லை. சிரித்துக்கொண்டே ஓட்டி இரண்டு விநாடியால் வென்றான்.

தோல்வியைப் பேர்னாட் தாங்கியிருப்பான். திரும்பிவரும் வழியில், நல்லரத்தினத்தை அண்ணன் என்றே கூப்பிடும் றீற்றா ஒன்று சொன்னாள்.

"அண்ணன் அந்த வளைவ எவ்வளவு வடிவா எடுத்தார், என்ன?"

இவ்வளவுதான். அவள் அதை அப்போதே மறந்துவிட்டாள். பேர்னாட்டுக்கு அது வருடம் முழுக்கச் சோற்றில் கல்லாகக் கிடந்தது. நல்லரத்தினத்தின் பெயரை யார் சொன்னாலும் அவன் காது சிவந்தது. அடுத்த முறை அந்த வளைவில் தன்னைப் பார்த்து அவள் அதே வார்த்தையைச் சொல்லவேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அதுமட்டும்தான்.

(இங்கே ஒரு சிக்கலை ஒப்புக்கொள்ள வேண்டும். கதாநாயகன் பேர்னாட். ஆனால் பேனா நல்லரத்தினத்தின் பக்கமே சாய்கிறது. அவன் வந்தாலே வாக்கியம் இலேசாகிறது. பேர்னாட் இதைப் படித்தால் என்மேலும் எரிச்சல்படுவான்.)

4.

ஓட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமைப் பின்னேரம் நல்லரத்தினம் பேர்னாட்டின் வளவுக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின் ஆசனத்தில் இரண்டு புது டயர்கள்.

"மச்சான், இத ஒருக்காப் பாரன். கல்லோயாத் திட்டத்துல வேல செஞ்ச வெள்ளக்காரத் துரை ஒராள் ஊருக்குப் போகக்குள்ள தந்துட்டுப் போனவர். உள்ளுக்குக் கம்பி வல வெச்ச சாதியாம்."

பேர்னாட் தொட்டுப் பார்த்தான். நூலகத்தில் இருந்த ஆங்கில மோட்டார் சஞ்சிகையில் இந்த டயரைப் பற்றி மூன்று தடவை வாசித்திருக்கிறான். படத்தில் மட்டும் கண்ட பொருள். தரையை விடாமல் பிடிக்கும், புதிதாக இருந்தாலும் நெளியாது.

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான். உனக்குத்தானே இதுல பைத்தியம். நீ போடு, மச்சான். நான் பழசுல ஓடினாலும் ஓடுவன்."

அவன் மனதாரத்தான் கொடுத்தான். அதுதான் பேர்னாட்டால் பொறுக்க முடியாமல் போனது.

"எனக்கு வேணா. என்ட டயர் இரிக்கி."

"அப்ப நான்தான் போடோணும். நீ வாசிக்கிறவன், சொல்லு. முன்னுக்கா, பின்னுக்கா?"

றீற்றா தேநீரோடு வந்து நின்றாள். பேர்னாட்டுக்கு விடை தெரியும். சஞ்சிகையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது: இரண்டு மட்டும் இருந்தால் பின்னுக்குத்தான் போடவேண்டும். முன்னுக்குப் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பழைய டயரோடு பின்பக்கம் பிடிக்காது. வேகமான வளைவில் காரின் பின்பாகம் வெளியே வீசி, கார் சுழன்றுவிடும்.

"முன்னுக்குப் போடு" என்றான் பேர்னாட்.

"நானும் அப்பிடித்தான் நெனச்ச நான். வளைக்கிறது முன்சில்லுதானே."

காரைத் தூக்கப் பேர்னாட்டே ஜக் அடித்துக் கொடுத்தான். நட்டுகளை இரண்டு தரம் இறுக்கினான். அதில் குறை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

5.

நிற்க. தங்கராசா சொன்ன கதையில் அந்தச் சொல் இல்லை.

அவன் கதையில் நல்லரத்தினம் யாரையும் கேட்கவில்லை. தன் பாட்டில் முன்னுக்கு மாட்டிக்கொண்டு போனான். 'முன்னுக்குப் போடு' நான் சேர்த்தது. ஏன் சேர்த்தேன் என்று மூன்று நாள் யோசித்தேன். ஒருவன் சிரித்த முகத்தோடு நம்மைவிட நன்றாகச் செய்யும்போது நம் வாயிலிருந்து என்ன வரும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான். போன மாதம் தங்கராசா ஒரு கதை எழுதட்டுமா என்று என்னிடம் கேட்டான். உனக்கு வராது, விடு என்றேன்.

* குறிப்பு: மேலே கடைசி இரண்டு வரிகளையும் வெட்டலாமென்று இருந்தேன். வெட்டவில்லை.

6.

ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் ஓடுபாதையில் நின்றார்கள். முதல் சுற்று பேர்னாட்டுக்கு விழுந்தது.

அவன் ஓட்டியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நன்றாக ஓட்டினான். போன வருடம் நல்லரத்தினம் எடுத்ததைவிட ஒரு விநாடி குறைவு. அந்த வளைவைக் கயிறு பிடித்தாற்போல எடுத்தான். காரை நிறுத்தி இறங்கியதும் சோக்குக் கோட்டைக் கூடப் பார்க்கவில்லை. றீற்றாவைத் தேடினான்.

அவள் குடையோடு நின்ற தென்னையடியில் குடை மட்டும் சாய்ந்து கிடந்தது.

"மச்சான்!" என்று கூவினான் நல்லரத்தினம், புறப்படும் கோட்டில் நின்ற தன் காருக்குள் இருந்து. "தங்கச்சிக்கும் ஒரு சுத்து வரோணுமாம். கூட்டிட்டுப் போறன்!"

பக்கத்து ஆசனத்தில் றீற்றா. கைகாட்டினாள்.

"நீங்கதான் பக்கத்துச் சீற்றக் கழட்டிப் போட்டீங்களே! அண்ணன்ட காருல இருந்தாவது அந்த வளைவ ஒருக்காப் பாக்கிறன்."

முதலில் அவனுக்கு வந்தது பயமல்ல. எரிச்சல். அவள் அங்கே இருக்கிறாளே என்ற எரிச்சல். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பேர்னாட் ஓடினான். ஓடும்போதே சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கினான். 'டயர் பிழை' என்றால், நேற்று நீங்கதானே முன்னுக்கு எண்டீங்க என்பாள். தேநீரோடு நின்றவளாயிற்றே. 'இறங்கு' என்று மட்டும் சொன்னால், மற்றவன் காரில் ஏறியது பொறுக்காமல் சொல்கிறான் என்று எல்லோரும் சிரிப்பார்கள். நல்லரத்தினமும் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவான். அவர்கள் நம்பும்படி சொல்வதற்கு ஒரே ஒரு வசனம்தான் இருந்தது: தெரிஞ்சுதான் சொன்ன நான்.

அதைச் சொன்னால் றீற்றா அவனை இனி எப்படிப் பார்ப்பாள்?

7.

தங்கராசாவின் முடிவு இது: கார் சுழன்று வாவிக்குள் முழங்காலளவுத் தண்ணீரில் போய் நிற்கும். றீற்றா சேலைக்குள் இறாலோடு இறங்கிவருவாள். கந்தோர் சிரிக்கும். நல்ல முடிவு, எனக்கே ஆசைதான். ஆனால் அவன் கதையில் யாருக்கும் எதுவும் தெரியாது, அதனால் சிரிக்கலாம். என் கதையில் ஒருவனுக்குத் தெரியும்.

இன்னொன்று: பெண்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாளே என்று நல்லரத்தினம் மெதுவாக ஓட்டுவான். ஒன்றும் நடக்காது. பேர்னாட் வெல்வான். வெற்றிக் கோப்பையை றீற்றா கிழமைக்கொரு தரம் துடைத்துத் துடைத்து அலுமாரியில் வைப்பாள். அவன் சாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதை எழுதினால், சிரித்த அதே ஞானமலரை அழவைக்கலாம், தங்கராசாவை வென்றுவிடலாம். நேற்றிரவு அதில் நாலு வரி எழுதினேன். "வளைவில் காரின் பின்பாகம் வீசியபோது றீற்றாவின் கை" — அங்கே நிறுத்திக் கிழித்தேன். ஒருவனை வெல்வதற்காக அந்தப் பெண்ணை அந்தக் காரில் வைத்து வளைவுக்கு அனுப்ப நான் யார்? பேர்னாட்டுக்காவது அவள் ஏறுவாள் என்று தெரியாது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பேர்னாட் காரை எட்டிப் பிடித்துவிட்டான். இரண்டு கையாலும் கதவைப் பற்றிக்கொண்டு நிற்கிறான், மூச்சு வாங்குகிறது. கொடிக்காரர் கொடியை உயர்த்திவிட்டார். நல்லரத்தினம் சிரித்தபடி கியரைப் போடுகிறான். றீற்றா கண்ணாடியை இறக்கி அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

"என்ன? சொல்லுங்க."

பேர்னாட்டின் வாய் திறந்திருக்கிறது. அதற்குள் வைக்க நம்பகமான ஒரு சொல் என்னிடம் இல்லை. நானும் அவன் ஆள்தான். உங்களுக்கு யார்மேலும் பொறாமை இல்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள். இருந்தாலும் சொல்லுங்கள். கொடி இறங்கப்போகிறது.