வியர்த்த தட்டு

குருணைச் சோப்புத்தூள் குவியலின் மேல் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துப் பார்த்தாள் கிளியம்மாள். உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. குரோம்பேட்டையின் அந்தச் சின்னக் கம்பெனியில் ஈரம் பார்க்க வேறு கருவி கிடையாது. தட்டு வியர்த்தால் தூள் இன்னும் காயவில்லை, ப்ளீச் கலக்கக்கூடாது. ஈரத்தூளில் ப்ளீச் விழுந்தால் குளோரின் நெடி கிளம்பி நெஞ்சை அடைத்துவிடும்.

போன மாதம் அப்படித்தான் ஆனது. அவசரம் என்று மேனேஜர் சொல்ல, கூட வேலை செய்யும் தனம் ப்ளீச்சைக் கொட்டினாள். இன்றுவரை இருமுகிறாள். மேனேஜர் அதற்கு டஸ்ட் அலர்ஜி என்று பேர் வைத்தார். பேர் வைப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் இன்றும் வந்து நின்றார். "கிளியம்மா, வண்டலூர் லோடு வண்டி வாசல்ல நிக்குது. ப்ளீச்சைக் கலந்து முடிங்க."

"தட்டு வேர்த்துகினு கீது சார். நாளைக்குத்தான்."

"தட்டை வெச்சு ஜோசியம் பாக்காதீங்க. நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்."

கிளியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் ப்ளீச் டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு! இது உன் கம்பெனியா?"

"கம்பெனி உங்களுது சார். நெஞ்சு எங்களுது."

"வேற ஆளை வெச்சுப் போட்டுக்கறேன்."

"ஆளு இன்னாத்துக்கு? நானே போடறேன்." இறங்கி, டிரம்மின் மூடியில் கை வைத்தாள். "நீங்க என் பக்கத்துல நில்லுங்க. கதவச் சாத்திக்கலாம். படிச்சவருக்குப் பயம் இன்னா சார்?"

ஷெட்டில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கால் மட்டும் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. கடைசியில் போனை எடுத்து, டிரைவரை நாளைக்கு வரச் சொன்னார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

இந்த வேலையை விட்டால் கிளியம்மாளுக்கு வேறு வேலை இல்லை. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"வருவேன் சார். நாளைக்குத்தான தூள் காயும்? ப்ளீச்சு யாரு போடறது?"

"நானும் வரு..." என்று பின்னாலிருந்து தொடங்கினாள் தனம். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது. எல்லாரும் காத்திருக்க, இருமி முடித்துவிட்டு முதலிலிருந்து முழுதாகச் சொன்னாள்.