நுரைமருந்து

மன்னார்க் கரையின் எரிவாயுக் கிணற்றில் தண்ணீர் தேங்கினால் வாயு மேலே வராது. நுரைமருந்தை உள்ளே செலுத்தி, அந்த நீரை நுரையாக்கி வெளியேற்ற வேண்டும். மணிக்கு நான்கு லீற்றர்தான் சரியென்று மூன்று மாதம் அளந்து கண்டவள், போர்க்கால அகதி முகாமிலிருந்து தன் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பி, அந்தக் கிணற்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த மெரீனா. அவள் எழுதிய அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட மனேஜர் விக்னராசா, "மீன்காரியின்ர மகளுக்கு இதெல்லாம் விளங்குமோ?" என்று எல்லோர் முன்னும் சிரித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் வந்த அன்று, மருந்து கூடினால் வாயுவும் கூடுமென்று எண்ணி, குழாய் முனையில் எரியும் வாயுச் சுவாலையை உயர்த்திக் காட்ட அவனுக்கு ஆசை வந்தது.

"மருந்தைப் பன்னிரண்டாக் கூட்டு."

"எழுதித் தாங்கோ, சேர்."

எழுதிக் கையெழுத்தும் வைத்தான். அவள் பம்பைத் திருகினாள். சற்று நேரத்தில் நுரை குழாயெல்லாம் நிறைந்து, சுவாலையை அணைத்து, வந்தவர்களின் தலையில் கொட்டியது.

"இப்பிடி வருமெண்டு ஏனடி சொல்லேல்லை?"

"உங்கட அறிக்கையில நாலாம் பக்கத்தில கிடக்கு, சேர். வாசிக்கேல்லையோ?"