இரண்டு துடுப்புப் படகு

கொப்பரைத் தோட்டத்தில் ஒக்தாவ் தேங்காய் உரிப்பான். அவனோடு வாழ்ந்த எர்மின் உடைத்த காயிலிருந்து பருப்பைக் கெல்லி எடுப்பாள். சொத்து இல்லாதவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று எங்கள் தீவுகளில் முதல்முறையாக வந்த தேர்தல் அது. ஓட்டுச்சாவடி கடலுக்கு எதிர்ப்பக்கம், பிரஸ்லின் தீவில். அவர்களுடைய படகை ஒற்றை ஆள் வலித்தால் நேராகப் போகாது.

அதில்தான் வம்பு. கூலியை உயர்த்தச் சொன்ன கட்சிக்கு எர்மின். அந்தக் கட்சி வந்தால் துரை தோட்டத்தையே மூடிவிடுவார் என்று பயந்து மற்ற கட்சிக்கு ஒக்தாவ். எப்படியும் இரண்டு பேர் ஓட்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும், எதற்கு வீணாகக் கை கொப்பளிக்க வேண்டும் என்று காலையிலிருந்து முனகினான். அவள் காதிலேயே வாங்கவில்லை. கோயிலுக்குப் போடும் கவுனைப் போட்டுக்கொண்டு தனியாகப் படகைத் தள்ளினாள். அது ஒரே இடத்தில் வட்டமடித்தது. கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மானம் போய், அவனும் ஓடிவந்து ஏறினான்.

நடுக்கடலில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"என் கட்சிக்குப் போடுறேன்னு சொல்லு. அப்பத்தான் வலிப்பேன்."

எர்மினும் துடுப்பை உள்ளே போட்டாள். மூட்டையை அவிழ்த்து, சுட்ட சீமைப்பலாவையும் கருவாட்டையும் தின்னத் தொடங்கினாள். நீரோட்டம் படகை வெளிக்கடல் பக்கம் இழுத்தது. கடைசியில் அவன் கை நீட்டினான்.

"வலிக்கிறவனுக்குத்தான் தீனி. இல்லன்னா உன் துரைகிட்டப் போய்க் கேளு."

வெறும் வயிற்றோடு அவனுக்குச் சண்டை போட வராது. வலித்தான்.

அதற்குள் கடல் இறங்கி, கரையோரம் வற்றியிருந்தது. கரைக்கு வெகு தூரம் முன்னாலேயே படகு தரைதட்டியது. நடுவில் முழங்கால் சேறு, கூரான பவளக்கல். சாவடி மூடப்போவதாகக் காவலர் கரையில் மணி அடித்தார். ஒக்தாவ் குதித்து விறுவிறுவென்று நடந்தான். உரித்து உரித்துக் காய்ந்த உடம்பு, அவனுக்குச் சேறு பெரிதில்லை. பின்னால் எர்மின் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள். கூப்பிடவில்லை. அவன் மட்டும் போய்ப் போட்டிருந்தால் அவன் ஓட்டுக்கு எதிராக அடிக்க ஆள் இல்லை.

நின்றான். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். திரும்பி வந்து முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறித் தொல."

அவளைச் சுமந்துகொண்டு கரையேறியபோது வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள், சொந்தக் கட்சியைத் தோற்கடிக்க நீயே சுமக்கிறாயா என்று கேட்டுக் கேலி செய்தார்கள்.  அவளைத் தனக்கு முன்னால் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, சாவடிக் கதவைச் சாத்தப்போன காவலரைப் பார்த்துச் சொன்னான்.

"சாத்திடாதீங்க ஐயா. இவ இன்னும் போடல."